மக்காச்சோளத்தில் ஒரு வெள்ளோட்டம்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. கண்ணில் சமமான தரை பட்டுவிட்டால் அதில் எதையாவது காயப்போடாமல் தூக்கம் வராது. திருப்பூருக்குள் என்றால் மொட்டை மாடி முழுக்கத் துணி. குண்டடம் பக்கம் என்றால் மக்காச்சோளம். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த நான், சிவில் இன்ஜினியரிங் படிக்கப் போன இடத்தில் சுத்தமாக மறந்துவிட்டேன். (ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு இது புரியும்.)

படித்து முடித்து ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் பெரிய வேலையே எங்கள் ஊர் வழியாக அமைந்தது. தாராபுரம் சாலையை அகலப்படுத்தும்போது, அதை ஒட்டி சைக்கிளுக்கென்று தனிப் பாதை. வெள்ளைக் கோடு போட்டு ஏமாற்றுகிற பாதை இல்லை. சாலையைவிட ஒரு சாண் உயரம், இரண்டு பேர் பேசிக்கொண்டே ஓட்டுகிற அகலம், நல்ல கான்கிரீட். முதல் பகுதி எங்கள் ஊரோடு முடிந்தது. நெடுஞ்சாலைத்துறை அதிகாரி ஒருவர் வந்து, ஓட்டிப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் பல்லடம் வரையிலான அடுத்த பகுதி கிடைக்கும்.

அது கிடைக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் சைக்கிளில் போகும் பெண்கள், பின்னால் லாரி ஹாரன் அடித்தால் மண்ணில் இறங்கி நிற்பார்கள். பள்ளிக்கூடம் போன காலத்தில் நானும் அப்படி நின்றவள்தான். அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

ஆகவே ஊர்க்கூட்டம் போட்டு, மைக் பிடித்துப் பேசினேன். "இந்தப் பாதையில லாரி வராதுங்க. ஆடு மாடு ஏறாதுங்க. மழை பேஞ்சாலும் பொட்டுத் தண்ணி நிக்காதுங்க. இது உங்க சொத்து, நல்லாப் பயன்படுத்திக்குங்க!" கைதட்டல் அள்ளியது. முன்வரிசையில் என் அப்பா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். மகளின் பேச்சில் மயங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளோட்ட நாள் வந்தது. காலை பத்து மணி, நல்ல வெயில். அதிகாரி தலைக்கவசம், கையுறை சகிதம் தயாராக இருந்தார். நான் முன்னால், அவர் பின்னால். எனக்கோ பெருமை தாங்கவில்லை. ஓட்டிக்கொண்டே கழுத்தைத் திருப்பி விளக்க ஆரம்பித்தேன்.

"சார், ஒரு சின்னக் குலுக்கல்கூட இருக்காது, பாருங்க."

உண்மைதான், குலுங்கவில்லை. வழுக்கியது. சிறுபாலத்துக்கு அந்தப்பக்கம் பாதை முழுக்க உதிர்த்த மக்காச்சோளம் பரப்பியிருந்தது. பின்னால் பார்த்துக்கொண்டு வந்த நான் அதை எப்படிக் கண்டேன்! சைக்கிள் ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போனேன். என்மேல் ஏற்றாமலிருக்க அதிகாரி பிரேக் பிடித்தார். சோளத்தின் மேல் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அவர் ஒரு அரைவட்டம் அடித்து, ஓரத்தில் குவித்திருந்த சோளக் குவியலில் இடுப்பு வரை புதைந்து உட்கார்ந்தார்.

சோளம் கிளறும் கட்டையோடு ஒருவர் ஓடிவந்தார். என் அப்பா.

"ஏனுங்க சார், அடி பட்டுதுங்களா? சோளத்து மேலதானுங்க உழுந்தீங்க, ஒண்ணும் ஆகாதுங்க."

"சைக்கிள் பாதையில எதுக்குங்க இதைக் கொட்டி வெச்சிருக்கீங்க?"

"எம்புள்ளதானுங்க கூட்டத்துல சொல்லுச்சு. லாரி வராது, ஆடு மாடு ஏறாது, தண்ணி நிக்காதுன்னு. சோளம் காயப்போட இதுக்கு மேல என்னங்க வேணும்?"

"யாருங்க உங்க புள்ள?"

அப்பா கட்டையை நீட்டினார். "அதா, அங்க படுத்திருக்குதுங்களே, அதானுங்க."

இவர் யாரென்றே தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய்க்குள் சோளம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மில் பெண்கள் ஏழெட்டுப் பேர் சைக்கிளில் வந்தார்கள். பாதையில் அல்ல, கீழே சாலையில், லாரிகளுக்கு நடுவே. ஒருத்தி கத்திக்கொண்டே போனாள். "ஏனுங்க மாமா, ரோடு எங்களுக்கா, உங்க சோளத்துக்கா?"

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. குனிந்து சோளத்தை ஒதுக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முழங்கால் வலியால் அல்ல. பல்லடம் போச்சு என்று.

அதிகாரி காலணியைக் கழற்றி உதறினார். ஒரு படி சோளம் தேறியது.

"முன்னாடியெல்லாம் எங்கங்க காயப்போட்டீங்க?"

"ஊர்க்களத்துலதானுங்க."

"இப்ப அது எங்க?"

அப்பா நிமிர்ந்து, லாரிகள் ஓடும் சாலையைக் காட்டினார். "அதா, அது மேலதானுங்க பஸ்ஸு போகுது."

அகலப்படுத்தியபோது களம் சாலைக்குள் போயிருக்கிறது. என் வரைபடத்தில் அது வெறும் காலி இடம். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சோளத்தைப் பார்த்தேன்.

அடுத்த பகுதிக்கு அனுமதி வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: பாதை போகும் ஊருக்கெல்லாம் பக்கத்திலேயே ஒரு சிமெண்ட் களம், முதல் களம் எங்கள் ஊருக்கு. களம் தயாரான அன்றைக்கே அப்பா சோளத்தை அங்கே மாற்றினார். மில் பெண்கள் மேலே ஏறினார்கள்.

வேலை நடக்கும்போது அதிகாரி மறுபடி பார்வையிட வந்தார். வேலை நடக்கும் இடத்துக்கு வழி தெரியாமல் டீக்கடையில் கேட்டாராம். கடைக்காரர் விவரமாகச் சொல்லியிருக்கிறார். "நேராப் போங்க சார். ஆபீசர் உழுந்த எடம் வரும். அதுக்கு அடுத்தாப்புல எடது பக்கம் திரும்புங்க."

எங்கள் ஊரில் அந்த இடத்துக்கு இப்போது அதுதான் பெயர். கண்டக்டர்கூட அப்படிச் சொல்லித்தான் ஆளை இறக்குகிறார். அதிகாரி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. முதலில் விழுந்தவள் நான். பலமாக விழுந்தவளும் நான். கட்டியதும் நானேதான். வீட்டில் போய் இந்த அநியாயத்தை அப்பாவிடம் முறையிட்டேன்.

"பதவியில இருக்கறவங்க உழுந்தாத்தான் அம்மிணி பேரு நிக்கும்" என்றார் அவர், சிரிக்காமல்.

அதன்பிறகு எனக்கு இரண்டு பதவி உயர்வு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் இனிப்போடு வீட்டுக்குப் போவேன். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அக்கறையாகக் கேட்பார்:

"இப்ப நீ உழுந்தா பேரு வெப்பாங்களா கண்ணு?"