பொன்மணிக்குத் தலைவலி

"இந்தப் பினாயில் வாசன எனக்கு ஒத்துக்கல மாமி. தல அப்டியே பொளந்துக்கினு போவுது. இப்டியே இருந்தா நா நின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பொன்மணி மாப்பைச் சுவரில் சாய்த்தாள்.

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்பிக்குக் காபி புரை ஏறியது.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்து நான்கு வருஷம் க்ளெய்ம் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வெள்ளம், தீ, லாரி மோதல் எதற்கும் அசராத மனுஷர். அவரை ‘நின்னுக்கறேன்’ என்ற ஒரே வார்த்தை கதிகலங்க வைத்துவிட்டது. மயிலாப்பூரில் நேரத்துக்கு வந்து நறுவிசாக வேலை செய்கிற ஒருத்தி அமைவது, டிசம்பர் மாதம் சபா கேண்டீனில் போனவுடன் இடம் கிடைப்பது மாதிரி. பொன்மணியோ ஒன்பது வருஷமாகப் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து, ஏழு மணிக்கு டாணென்று வந்து நிற்பவள்.

"ரோஜா, எலுமிச்சை, லாவண்டர்னு மூணு வாசனை மாத்தியாச்சே பொன்மணி" என்றாள் அவர் மனைவி ஜானு.

"கடைல விக்கிறது எதுவுமே ஆவல மாமி. கையால செஞ்சதுன்னா ஒண்ணும் பண்ணாது. நா இன்னா சொல்ல வரேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்!" அம்பி எழுந்தே விட்டார். "கையால செஞ்சதுதானே வேணும்? நானே பண்றேன். இனிமே இந்த ஆத்துல கடைப் பினாயில் கிடையாது."

பொன்மணி திறந்த வாயை மூடிக்கொண்டு எதிர் வீட்டு வேலைக்குப் போனாள்.

"ஏன்னா, நன்னா யோசிச்சுக்கோங்கோ" என்றாள் ஜானு. "என் முட்டி மடங்காது. ரொம்ப நாழி நிக்கவும் முடியாது. அவ நின்னுட்டா, இந்தாத்துப் பாத்திரம் அத்தனையும் உங்க தலையிலதான்."

அம்பி சிங்க்கைப் பார்த்தார். அடிப்பிடித்த குக்கர் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இந்த அறுபத்தொரு வயதுக்குள் அவர் தன் கையால் கழுவியது ஒரே ஒரு ஸ்பூன். அதுவும் ஐஸ்கிரீம் அவசரத்தில்.

உடனே யூட்யூபைத் திறந்தார். சாத்துக்குடித் தோலை வினிகரில் ஊற வைத்தால் தரை, மேடை, சுவிட்ச், கதவுக் கைப்பிடி எல்லாவற்றிலும் அடிக்கலாம், செலவே இல்லை என்று ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்பி தெற்கு மாட வீதி ஜூஸ் கடையில் சாத்துக்குடித் தோல் ஒரு பை நிறைய வாங்கி வந்தார். வினிகரில் மூன்று நாள் ஊற வைத்தார். வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஜானு துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் நிரப்பினார். நாலாம் நாள் காலையில் சமையல் மேடையில் ஆரம்பித்து டிவி ரிமோட் வரைக்கும் ஒன்று விடாமல் அடித்துவிட்டு, பெருமிதத்தோடு வாசலில் நின்றார்.

பொன்மணி உள்ளே வந்து மூக்கைச் சுருக்கினாள்.

"இன்னா மாமா, ஊறுகா ஜாடி கவுந்துச்சா?"

"இது கிருமிநாசினி!"

"கிருமி ஓடுதோ இல்லியோ, நா ஓடிடுவேன் போல கீது. தலவலி இன்னும் போவல மாமா. அதுக்குத்தான் நா இன்னா சொல்றேன்னா..."

"வினிகர்தானே உபத்திரவம்? புரிஞ்சுது, புரிஞ்சுது! நாளைக்குப் பாரு."

அன்றைக்கே கீழே இறங்கிப் போய், வாட்ச்மேன் ஷரீஃபை ஏணி போட வைத்து, கேட் பக்கத்து வேப்பமரத்தில் பாதியை மொட்டையடித்துக்கொண்டு வந்தார். ஒரு அண்டா வேப்பிலைக் கஷாயம் கொதித்தது. மறுநாள் சமையல் மேடைக்கு அபிஷேகமே நடந்தது. துளி நாற்றம் இல்லை. அம்பி தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளாத குறை.

ஜானுவுக்குச் சப்பாத்தியை மேடையிலேயே இடுவதுதான் வழக்கம் என்பது மட்டும் அவருக்கு நினைவில்லை.

மத்தியானம் முதல் வாய் வைத்ததும் ஜானுவின் முகம் எட்டுக் கோணலாகப் போனது. அம்பி வாயில் போட்டதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், "உடம்புக்கு நல்லது" என்றார். மத்தியானப் பாத்திரம் தேய்க்க வந்த பொன்மணிக்கும் வழக்கம்போல இரண்டு சப்பாத்தி போயிருந்தது. அவள் ஒரு கடி கடித்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"மாமி, எனக்கு ஜொரம்னு உங்களாண்ட யாருனா சொன்னாங்களா?"

"இல்லியே, ஏன்?"

"சப்பாத்தில மருந்து கீதே!"

நாறவும் கூடாது, கசக்கவும் கூடாது. அம்பி ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு யோசித்து, விடியும்போது மஞ்சளைக் கண்டுபிடித்தார். புண்ணுக்குப் போடுகிறோம், பாலில் குடிக்கிறோம், இதைவிட உத்தமமான கிருமிநாசினி உண்டா? ஜானு முட்டிக்கு ஒத்தடம் வைத்துக்கொள்ள அடையாறுக்கு ஆட்டோவில் போன நேரம் பார்த்துக் காரியத்தில் இறங்கினார். கால் கிலோ மஞ்சள் தூள், கொதிக்கிற வெந்நீர், வடிகட்ட ஒரு துணி. வெள்ளை டைல்ஸ், வெள்ளை ஃப்ரிட்ஜ், வெள்ளை சுவிட்ச் போர்டு என்று எதையும் பாரபட்சம் பார்க்காமல் அடித்தார்.

அடித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தால், சமையலறை முழுக்கப் பளபளவென்று மஞ்சள். துடைத்தார். மஞ்சள் பரவியது. ஈரத்துணியால் துடைத்தார். இன்னும் நன்றாகப் பரவியது.

ஜானு வர இன்னும் அரை மணி நேரம். சிங்க்குக்கு அடியில் சலவை சோடா இருந்தது. அதைக் கரைத்து ஒரு மக் எடுத்துச் சுவரில் வீசினார். வீசிய இடமெல்லாம் ரத்தச் சிவப்பாக மாறி, கோடு கோடாகக் கீழே வழிந்தது.

அம்பி அவசரமாக அலமாரியைத் துழாவினார். மீதியிருந்த பழைய வினிகரை எடுத்து அடித்தார். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. அப்பாடா என்று சோடாத் துணியால் துடைத்தார். மறுபடி சிவப்பு. வினிகர் அடித்தால் மஞ்சள், சோடா பட்டால் சிவப்பு. லஸ் கார்னர் சிக்னல் மாதிரி மாறி மாறி வந்ததே தவிர, வெள்ளை மட்டும் வரவே இல்லை. அவர் வேஷ்டி, பனியன், முழங்கை எல்லாம் சிவந்துவிட்டது. கடைசியில் டைல்ஸ் இடுக்கைச் சுரண்டலாம் என்று காய் நறுக்குகிற கத்தியைக் கையில் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மத்தியானப் பாத்திரம் தேய்க்கப் பொன்மணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

சுவரைப் பார்த்தாள். வேஷ்டியைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள்.

"ஐயோ! மாமி எங்க? மாமிய இன்னா பண்ணீங்க?"

போட்ட கூச்சலில் எதிர் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. "கத்தாதே, கத்தாதே, இது மஞ்சள்!" என்று அம்பி கத்தியோடு முன்னால் வந்தார். அவள் மாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். ஆட்டோவிலிருந்து இறங்கி லிஃப்டில் ஏறி வந்த ஜானுவின் மேல் நேரே போய் மோதினாள்.

"மாமி! உசுரோட கீறீங்களா!" என்று கட்டிக்கொண்டு அழுதாள்.

ஜானு எட்டிப் பார்த்தாள். மேடையில் மஞ்சள் தூளும் சோடாப் பொட்டலமும் திறந்து கிடந்தன.

"மஞ்சள்ல சோடாவைக் கொட்டினேளா? ஆரத்தி கரைக்கறச்சே மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தாத்தானே செவக்கறது! இது கூடவா தெரியாது?"

அம்பிக்குத் தெரியாது. பூணூல், கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்று பிறந்ததிலிருந்து கிழக்குப் பார்த்து நின்று ஆரத்தி எடுத்துக்கொண்டவரே தவிர, ஒரு நாளும் கரைத்தவர் இல்லை.

பொன்மணி தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமி, இப்ப நெஜமாவே தலய வலிக்குது. நா வூட்டுக்குப் போறேன்."

"நாளைக்கு வருவியோல்லியோ?" என்று அம்பி கேட்டார்.

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

ஜானு ஸ்டீல் நாரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அம்பி வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பால் பாத்திரத்துக்குக் கால் மணி, குக்கருக்கு அரை மணி. இட்லித் தட்டு ஓட்டைகளுக்குள் விரலே போகவில்லை. இடுப்பு விட்டுப்போயிற்று. ஒன்பது வருஷமாக ஒருத்தி இதைத் தினமும் செய்திருக்கிறாள், நாம் ஒரு தலைவலியைத் தீர்க்கத் துப்பில்லாமல் அவளை விரட்டிவிட்டோமே என்று நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. இந்த வயசில் இந்தச் சிங்க்கோடு மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டுமே என்ற பயமும் அந்த அழுகையில் பாதிக்கு மேல் இருந்தது.

சாயங்காலம் சிவந்த கையோடு கேட்டுக்கு இறங்கிப் போனார். ஷரீஃப் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

"ஷரீஃப், பொன்மணி ஏதாவது சொன்னாளா? கோவமா போனாளா?"

"ஒண்ணும் சொல்லல சார். தலையப் பிடிச்சிக்கினு போச்சு."

"அந்தத் தலைவலிதாம்ப்பா என் உயிரை வாங்கறது. வினிகர் பாத்தாச்சு, வேப்பிலை பாத்தாச்சு, மஞ்சள் பாத்தாச்சு. நாளைக்கு நானே நல்ல டாக்டரா பாத்து அழைச்சுண்டு போறேன்னு சொல்லு. என்ன செலவானாலும் பரவால்ல, நின்னுட மட்டும் வேண்டாம்னு சொல்லு."

ஷரீஃப் சிரிப்பை அடக்க மிகவும் சிரமப்பட்டான்.

"டாக்டரெல்லாம் எதுக்கு சார், இந்த பில்டிங்ல அது வேல செய்ற எல்லா வூட்லயும் இதே தலவலி வந்துச்சு, அது சேந்துருக்கற மகளிர் குழுல கையால செய்ற பினாயில் ஒரு கேன் வாங்கினாங்க, அன்னிக்கே போய்டுச்சு!"