கெஸ்லிங் சாயிப்பின் சீடர்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே உள்ள கிறிஸ்தவ ஆலயங்களில் ஏறி இறங்கினால், பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர்களில் மூன்று வகையைப் பார்க்கலாம். பாடத் தெரிந்தவர், பாடத் தெரியாதவர், ஜெர்மனிக்குப் போய் வந்தவர். முதல் இரண்டு பேராலும் சபைக்குப் பெரிய கேடு ஒன்றும் கிடையாது. நான் சொல்ல வந்தது மூன்றாவது இனத்தைப் பற்றி.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். டிசம்பர் மாத உச்சி வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருக்கும். பேச்சில் பத்து வார்த்தைக்கு ஒருமுறை 'அங்கே' என்று வரும். அங்கே என்றால் எங்கே என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழப்பான்.

எங்கள் சபை காரோடு என்ற ஊர்ப் பக்கம். எங்களுக்கு வாய்த்தவர் யோசுவா மாஸ்டர். மின்வாரியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் எங்கள் கொயரில் பேஸ் பாடினார். அவர் கீழ்ஸ்தாயியில் இறங்கினால் ஜன்னல் கொக்கி அதிரும். மகள் ஜிஜா ஜெர்மனியில் நர்ஸ். பேரப்பிள்ளையைப் பார்க்க மூன்று மாத விசாவில் போனவரை, பிள்ளை தூங்கும் நேரத்தில் அந்தக் குரலோடு வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல், வியாழக்கிழமை தோறும் மருமகன் வினீத் பக்கத்திலிருந்த ஓர் ஆலயத்தில் இறக்கிவிட்டுப் போவார். அங்கே கெஸ்லிங் என்ற நரைத்த வெள்ளைக்காரர், எங்கள் பேச்சில் சாயிப்பு, கொயர் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார். பின்வரிசையில் பதினோரு வியாழக்கிழமை உட்கார்ந்தார் எங்கள் யோசுவா. திரும்பி வந்த நேரம் பழைய மாஸ்டர், மகன் வீட்டோடு போய்விட்டிருந்தார். ஜெர்மனியில் படித்த ஆள் கைவசம் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது என்று கமிட்டி அன்றைக்கே தீர்மானம் போட்டுவிட்டது.

அதன்பின் எங்களுக்குக் கிடைத்தது பாட்டு இல்லை, கெஸ்லிங் சாயிப்பின் ஜீவிய சரித்திரம்.

சாயிப்பு ஐந்து வயதில் ஊர் ஆலயத்து மணி கால் சுரம் இறங்கியிருக்கிறது என்று சொல்லி அதைக் கோபுரத்திலிருந்து இறக்க வைத்தவர். இருபதாவது வயதில் எண்பது பேர் கொண்ட கொயரில், மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது என்று ஒவ்வொருவராக வெளியே அனுப்பி, கடைசியில் மிஞ்சிய ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். ஐம்பதாவது வயதில் ஒரு கச்சேரிக்குக் கையைத் தூக்கியவர், வெளியே பனி விழும் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அது நிற்கும்வரை கையை இறக்கவில்லை. சபையோர் மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா? சாயிப்புக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. மாஸ்டருக்கு ஜெர்மன் தெரியாது. பிறகு இவ்வளவும் எப்படித் தெரிந்தது? வினீத் காரில் வரும்போது மொழிபெயர்த்துச் சொன்னாராம். வினீத் மொழிப் பரீட்சையில் மூன்றாம் தடவை பாஸானவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சாயிப்பின் உபதேசத்திலேயே பெரியது மௌனம். பாட்டுக்கு முன்னால் மாஸ்டர் இரண்டு கையையும் தூக்குவார். பூரண மௌனம் உண்டாக வேண்டும். ஏதாவது ஒரு சத்தம் கேட்டால் கை இறங்கும், மறுபடி முதலிலிருந்து. காரோட்டில் பூரண மௌனத்துக்கு எங்கே போவது? தேங்காய் விழும், மீன்காரன் ஹாரன் அடிப்பான், கோயில் ஒலிபெருக்கியில் யாரோ மைக் டெஸ்ட் பண்ணுவார்கள், பெருங்கடவிளையிலிருந்து வரும் எங்கள் கீபோர்டு நிபினுக்குத் தூசி என்றாலே தும்மல். ஜூன் முதல் டிசம்பர் வரை ஞாயிறு தவறாமல் பயிற்சி நடந்தது. நேர்மையாகச் சொன்னால் நாங்கள் நாலே நாலு தடவை பாடினோம்.

பக்கத்து மாவு மில் கிருஷ்ணன்குட்டி அண்ணனிடம் மாஸ்டரே நேரில் போய், பயிற்சி நேரத்தில் மில்லை நிறுத்த முடியுமா என்று கேட்டார். அண்ணன் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"நீங்க பாடுங்க மாஸ்டரே, நான் மில்லை நிறுத்திப்போட்டு வந்து கேக்கியேன். பாடாம இருக்கதுக்கு நான் எதுக்கு நிறுத்தணும்?"

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரே ஒரு காரியம் மட்டும் விளையாட்டில்லை. அது லீலாபாய் அக்காவுடைய காரியம்.

லீலாபாய் அக்கா இருபத்தாறு வருடமாக இரண்டாவது வரிசையில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறவர். இத்தனை வருடத்தில் தனியாக ஒரு வரி பாடக் கிடைத்ததில்லை. தனி வரி எல்லாம் மேல்குரல் பாடும் முன்வரிசை சோப்ரானோக்களுக்குப் போய்விடும். இந்த வருடக் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் முதல் கீர்த்தனையின் முதல் வரியை மாஸ்டர் அவருக்குக் கொடுத்தார். அது மாஸ்டரின் புண்ணியம், மறைக்கக் கூடாது. அக்டோபரில் அக்காவுக்குத் தொண்டையில் ஒரு கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷனுக்குக் குறித்த நாள் கேரல் ஆராதனை முடிந்த செவ்வாய்க்கிழமை. குரல் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பஸ் நேரத்தைச் சொல்லுவதுபோல அக்கா இதை எங்களிடம் சொன்னார்.

கேரல் ஆராதனை ஞாயிறு மாலை ஐந்தரைக்கு. ஆலயம் நிறைந்து வெளியிலும் ஆட்கள். ஜிஜாவும் வினீத்தும் லீவில் வந்து நாலாவது பெஞ்சில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் எழுந்தோம். மாஸ்டர் கையைத் தூக்கினார்.

ஒரு குழந்தை அழுதது. கை இறங்கி மறுபடி ஏறியது. ஒரு லாரி போனது. இறங்கி ஏறியது. நிபின் தும்மினான். எங்கள் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு: ஆலயத்தில் பேச்சும் பாட்டும் இல்லாமல் அரை நிமிடம் போனால் அது மௌன ஜெபம் என்று வைத்துக்கொள்வார்கள். சபை எழுந்து நின்றது, தலைகள் வரிசையாகக் கவிழ்ந்தன. பெண்கள் முக்காடு போட்டார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று. இவ்வளவு நீளமான ஜெபம் என்றால் நாட்டுக்கு ஏதோ ஆபத்து என்று நினைத்து இரண்டு பேர் முழங்காலிட்டார்கள். வேர்வை வழிய மாஸ்டர் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கடைசியில் போதகருக்குத் துணையான உபதேசியார் ராஜதாஸ் பொறுக்க முடியாமல் கணீரென்று "ஆமென்" என்றார். சபை முழுவதும் "ஆமென்" சொல்லி உட்கார்ந்தது. அதைப் பார்த்து சோப்ரானோ சத்தியபாயும், அவளைப் பார்த்து நாங்களும் உட்கார்ந்துவிட்டோம். பாட்டு முடிந்தது என்று நினைத்த போதகர், கொயருக்கு நன்றி சொல்லிவிட்டு வேத வாசிப்புக்குப் பக்கத்தைப் புரட்டினார்.

மாஸ்டரின் கை இறங்கவில்லை. இன்னும் ஒரு சத்தம் அடங்க வேண்டியிருந்தது போல.

லீலாபாய் அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் எங்கள் வரிசைக்குக் கேட்டது.

"மாஸ்டரே, சாயிப்புக்கு நேரம் உண்டு. எனக்கு இல்ல."

பாடினார். மில் ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளை அழுதுகொண்டிருந்தது, போதகர் வாசிக்கத் தொடங்கிய வசனம் பாதியில் நின்றது. அந்த ஒரு வரி முழுக்க அக்காவுடையதாக இருந்தது. நல்ல குரல். இருபத்தாறு வருடம் இதை எங்கே வைத்திருந்தோம் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டாவது வரிக்குச் சபை சும்மா இருக்குமா? பெஞ்சில் இருந்தவர்கள், வெளியே நின்றவர்கள், எல்லோரும் அவரவர் சுருதியில் சேர்ந்துகொண்டார்கள். ஜன்னல் கொக்கி அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால், யோசுவா மாஸ்டர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கண்ணீர் வழியப் பேஸ் பாடிக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து கேக் கொடுக்கும்போது வினீத் என்னை மாமரத்தடிக்கு ஒதுக்கிக்கொண்டு போனார். சாயிப்பின் சரித்திரம் முழுக்க அவருடைய கைச்சரக்குதானாம். இரட்டை ஷிப்டு முடிந்து கார் ஓட்டும் நேரத்தில் மாமனார் கேட்கும்போது, தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஆனால் கடைசி வியாழக்கிழமை சாயிப்பு நிஜமாகவே கார் வரைக்கும் வந்து பேசினாராம். அதை வினீத் அப்படியே சொன்னார்:

"உங்க மாமனாருக்கு நல்ல குரல், ஆனா பெஞ்சுல இருந்து கூடப் பாடியாரு, எனக்க கொயருக்குப் பாட்டு தெற்றுது, அவரு நிறுத்தது வரை நான் கையத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கியேன்ணு சாயிப்பு செல்லிச்சு, அண்ணா. இத நான் மாமாட்ட எப்பிடிச் செல்லுவேன்? பாட்டுக்கு முன்னால உள்ள மௌனந்தான் பெரிசுண்ணு சாயிப்பு செல்லியாருண்ணு செல்லிப்போட்டேன்."

நான் இதை மாஸ்டரிடம் சொல்லவில்லை. அப்போது அவர் கேக்கும் கையுமாக நாலு பேருக்கு, கையை எப்போது இறக்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் மாஸ்டர் என்று அங்கே கற்றுக்கொடுத்ததாக விளக்கிக்கொண்டிருந்தார். சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் கூடிவிட்டது, அவ்வளவுதான். ஆபரேஷன் முடிந்த லீலாபாய் அக்கா இப்போது காற்றாகத்தான் பேசுகிறார். ஈஸ்டர் வரை பார்ப்போம் என்கிறார் டாக்டர். ஞாயிறுதோறும் இரண்டாவது வரிசையில் நின்று வாயசைக்கிறார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. நீங்கள் கொயர் மாஸ்டர் இல்லை, ஜெர்மனிக்கும் போனதில்லை, தெரியும். நானும் போனதில்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ பேச வாயெடுக்க, இது முடியட்டும் என்று திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டினேன். பிறகுதான் என்னவோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி ஏதோ சொல்ல வந்து நின்றுகொண்டிருந்தாள். நீங்களும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுங்கள்.