அழைக்காமல் வந்த ஓராவாசம்

கோப்பாய் சோமசேகரம் மாஸ்ரர் அன்று காலை ஒரு சட்டம் இயற்றினார். இனி அவர் சூமில் இங்கிலிஷ் படிப்பிக்கும் முன்னறைக்குள் அழைப்பில்லாமல் ஒருவரும் நுழையக்கூடாது. ஒருவரும் என்றால் அருமைநாயகி. வீட்டில் வேறு ஆள் கிடையாது.

காரணம் இல்லாமலில்லை. முந்தின நாள் இலக்கணம் உச்சத்தில் நின்ற நேரம் மனைவியார் கமெராவுக்கு முன்னால் வந்து நின்றா.

"இஞ்சேருங்கோ, படலையிலை மீன்காரன் நிக்கிறான். ஓரா வாங்கவோ, திரளி வாங்கவோ?"

மாஸ்ரர் வாய் திறக்க முதல், கொழும்புத்துறையில் இருந்து படிக்கும் ஷெரோன் கத்தினாள்: "அன்ரி, ஓரா வாங்குங்கோ! திரளி இப்ப சப்பெண்டு கிடக்கும்!"

வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நாடாளுமன்றம் தோற்றுப்போகும். ஓரா வென்றது. இலக்கணம் தேர்தல் கட்டுக்காசை இழந்தது.

ஆகவே அன்றைய பாடத்துக்கு மாஸ்ரர் வேண்டுமென்றே ஒரு வினைச்சொல்லை எடுத்தார்: இன்ட்ரூட்.

"கருத்து, அழைப்பில்லாமல் உள்ளை வாறது. ஆக்கள் மட்டுமில்லைப் பிள்ளையள். சத்தம், வாசம், வேண்டாத நினைப்பு, எல்லாம் இந்த வேலையைச் செய்யும். உதாரணம், என்ரை மனிசி என்ரை வகுப்பிலை ஒவ்வொரு நாளும் இன்ட்ரூட் பண்ணுறா."

பிள்ளைகள் சிரித்தார்கள். கதவுக்கு வெளியே காப்புக் குலுங்கியது.

வகுப்பு முடிந்ததும் அருமைநாயகி வந்தா. கால்விரல் நுனிகூடக் கதவுநிலையைத் தாண்டவில்லை.

"உந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?"

"அழைக்காமல் வாறது. நீர் செய்யிறது."

"அழைச்சால்?"

"அழைச்சால் தாராளமா வரலாம்."

"சரி."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனிதன் அந்தச் 'சரி'க்குப் பயந்திருக்க வேண்டும். மாஸ்ரர் பயப்படவில்லை. இங்கிலிஷ் படித்த தைரியம்.

மத்தியானம் மேசைக்கு வரவேண்டிய சோறு வரவில்லை. ஓராக்குழம்பின் வாசம் மட்டும் அழைப்பில்லாமல் வந்து, அவர் மூக்குக்குள் கதிரை போட்டு உட்கார்ந்தது. வயிறு போட்ட சத்தத்தில், றோட்டால் போன பஸ், பின்னால் வேறு பஸ் ஹோர்ன் அடிக்கிறதென்று நினைத்து ஒதுங்கி வழி விட்டதாம்.

"இஞ்சேரும்! சோறு எங்கை?"

"அழைப்பில்லாமல் வரமாட்டன்" என்று குசினியில் இருந்து பதில் வந்தது.

"இப்ப கூப்பிடுறன்தானே!"

"கத்திக் கூப்பிட ஓடிவர நான் என்ன ஆட்டுக்குட்டியோ? எங்கடை மகளின்ரை கலியாணத்தை நாங்கள் உள்ளை போய்ச் சொல்லாமல் படலையிலை நிண்டு சொன்னதெண்டு உங்கடை தங்கச்சி வராமல் விட்டவ. அப்ப 'முறை முறைதான்' எண்டு ஆர் சொன்னது?"

சொன்னது அவர்தான். வேறு வழியில்லாமல் எழும்பிக் குசினிக்கு நடந்தார். வாசலில் அகப்பை குறுக்கே நின்றது.

"நில்லுங்கோ. உங்களை ஆர் அழைச்சது?"

"இது என்ரை வீட்டுக் குசினி!"

"இருக்கட்டும். இப்ப நீங்கள் செய்யப் பாக்கிறதுக்கு என்ன இங்கிலிஷ்?"

மாஸ்ரருக்கு விடை தெரியும்.

திரும்பிப் போய் வேட்டி மாற்றினார். சால்வை போட்டார். தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார்.

"நல்ல விசயம் ஒண்டு சொல்ல வந்தனான். முன்னறையிலை மத்தியானச் சாப்பாடு. நீங்கள் கட்டாயம் வரவேணும்."

அருமைநாயகி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தா.

"என்ன, தனிய வந்திருக்கிறியள்? எங்கடை ஆக்கள் சோடியாத்தானே வந்து சொல்லுறவை? மனிசி எங்கை?"

"மனிசி நீர்தானே!"

"அப்ப போய் அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

சட்டம் நின்ற இடத்திலேயே உயிரை விட்டது.

"இனி எப்ப வேணுமெண்டாலும் வாரும். கேக்காமல் வாரும். மீனோடையும் வாரும்!"

சோறு வந்தது. மாஸ்ரர் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழும்பினார்.

அடுத்த நாள் வகுப்பு நடுவில் அருமைநாயகி ஒரு கையில் கத்தியும் மறுகையில் முழு ஓராவுமாக உள்ளே வந்தா. மாஸ்ரர் பெருந்தன்மையோடு எழும்பி, "வாரும், வாரும்" என்றார்.

"நான் உங்களிட்டை வரேல்லை. குழம்பு வைக்கிறதைக் காட்டச் சொல்லி ஷெரோன் போன் எடுத்து முறையா அழைச்சவள்" என்று அவ அவருடைய கதிரையில் அமர்ந்தா. "நீங்கள் கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ. தேவையெண்டால் அழைக்கிறம்."