நிம்மதிக்கு எத்தனை மார்க்?

“ஒன்பதிலிருந்து நாலுக்கு இறங்கியிருக்கு கிங்ஸ்லி. நீங்க அங்க நலவாழ்வுத் திட்டம்தான் நடத்துனீங்களா?”

சென்னையிலிருந்து பிரேமலதா மேடம் போனில் கேட்டதும் கிங்ஸ்லிக்கு வியர்த்துவிட்டது. கல்லிடைக்குறிச்சி இளைஞர்களின் மனநலத்தை ஒரே வருடத்தில் உயர்த்திக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் அறக்கட்டளையில் வேலை வாங்கியிருந்தான். உயர்ந்தால் வேலை நிரந்தரம். இறங்கினால் மாமனாரின் உரக்கடை. மாமனார் இப்போதே ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தார்.

“இன்னும் ரெண்டு மூணு தடவை கேட்டுப் பாத்துருதேன் மேடம். நானே சரி பண்ணிருதேன்.”

“கேள்வியில ஒரு எழுத்து மாறக்கூடாது. தாள்ல இருக்கிற மாதிரியே படிங்க. கடைசி மதிப்பீட்டுக்கு நானே வரேன்.”

படிப்பதில் கிங்ஸ்லி கறார். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, நடுவில் நின்று, ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் வாசிப்பான்: “கடந்த இரண்டு வாரங்களில் நீங்கள் நிம்மதியாக உறங்கினீர்களா?” அவர்கள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, துண்டுச் சீட்டில் பத்துக்கு ஒரு மார்க் எழுதிப் போடுவார்கள். பெயர் எழுத வேண்டியதில்லை.

போட்டுவிட்டு வெளியே போய்ச் சிரித்துக் கூத்தடித்தார்கள். ‘பாவம், உள்ளுக்குள் எவ்வளவு வேதனையோ’ என்று கிங்ஸ்லி உருகினான். மூன்று நாள் பயிற்சியில் உளவியல் கற்றவன் அல்லவா!

தூக்கத்தைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும் என்று முடிவு கட்டினான்.

“நாளைக்கு விடியக்காலம் எல்லாரும் ஆத்துக்கு வந்துரணும்லே. மூச்சுப் பயிற்சி.”

ராத்திரி முழுக்கக் கவலையில் புரண்டவன், படித்துறையில் கண்ணை மூடி மூச்சை இழுத்தான். விட மறந்து தூங்கிப்போனான். அப்படியே தாமிரபரணியில் சரிந்தான். பிள்ளைகளில் ஒருவனான ஜெய்சன்தான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான்.

“சார், ராத்திரி தூங்கலையோ?”

“நம்ம கதை கெடக்கட்டும்லே. மார்க்கப் போடு.”

சராசரி மூன்று.

சரி, உற்சாகம்தான் குறைகிறது என்று வேன் பிடித்து மணிமுத்தாறு அருவிக்குக் கூட்டிப் போனான். வெள்ளம் வருகிறது, குளிக்கக் கூடாது என்றார்கள். திரும்பும் வழியில் வேன் நின்றுவிட்டது. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே தள்ளினார்கள். கிங்ஸ்லி டிரைவரோடு சண்டை போட்டுக் குரலைத் தொலைத்தான்.

சராசரி இரண்டு.

வீட்டில் மனைவி பெர்லின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “என்னங்க, தூக்கத்துல ‘ரெண்டு, ரெண்டு’ன்னு கத்துதிய?”

“ஊருக்கே நிம்மதி குடுக்கப் போன மகராசன் நான்” என்று தலையில் அடித்துக்கொண்டான். உரக்கடை ஸ்டூலை நினைத்து உண்மையாகவே அழுகை வந்தது.

பிரேமலதா மேடம் வந்து இறங்கினார். கிங்ஸ்லி கம்மிய குரலில், ஓர் எழுத்து பிசகாமல் வாசித்தான். சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தார் மேடம்.

ஒன்று.

“மேடம், நானே எழுதிக் குடுத்துருதேன்” என்று ராஜினாமாவுக்கு வெள்ளைத்தாள் தேடினான் கிங்ஸ்லி.

மேடம் வாசலுக்குப் போய், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்த அப்ராரைக் கூப்பிட்டார்.

“தம்பி, உனக்கு ராத்திரி தூக்கம் வரலையா?”

“எனக்கா? படுத்தா இடி விழுந்தாலும் தெரியாது மேடம்.”

“மனசுல ஏதாவது கஷ்டம்?”

“அல்ஹம்துலில்லாஹ், ஒண்ணுமில்ல.”

“அப்புறம் ஏன்ப்பா எல்லாரும் ஒண்ணு போட்டீங்க?”

அப்ரார் குரலைத் தாழ்த்தினான். “அது சாருக்குல்லா மேடம் போட்டோம்! வகுப்பு முடிஞ்சா வாத்தியாருக்கு மார்க் போடச் சொல்லுவாவல்லா? எங்களக் கேக்கணும்னா சார் ‘ஏலே, தூங்குனியா’ன்னுல்லா கேப்பாவ, ‘நீங்கள் உறங்கினீர்களா’ன்னா கேப்பாவ? போன வருசம் வந்த புதுசுல ஆளு நல்லாத்தான் மேடம் இருந்தாவ, இந்தத் திட்டத்துல சேந்துதான் இப்படி ஆயிட்டாவ!”