பக்கத்து வட்டத்தில் ஒரு பத்துப் புள்ளி ஒன்பது

பொன்னேரி பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடித்துவிட்டுக் குழாயைப் பிடுங்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டால் இன்றும் என் இரண்டு காதும் சூடாகிவிடும். ஏர் ரைஃபிளில் காற்று நிரப்பிக் குழாயைக் கழற்றும்போதும் அதே 'புஸ்'தான்.

ஒரு காரியத்தைச் சரியாகச் செய்யத் தெரியாதவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். தப்பாகச் செய்யச் சொல்லிக் கூப்பிட்டு, அதையும் தப்பாகச் செய்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

என் மகள் தாரணி துப்பாக்கி சுடும் வீராங்கனை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைக்குப் பின்னால், காலியாகக் கிடந்த ஒரு குடோனை தேவராஜ் மாஸ்டர் பயிற்சிக் கூடமாக்கியிருந்தார். மகளுக்குத் துணையாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. ஆனால் நான் உட்காரப் பிறந்தவள் இல்லை. மழைக்கு முந்தைய தட்டான் மாதிரி அங்கும் இங்கும் அலைந்துகொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் மாஸ்டர் ஒரு நாள் என் கையிலும் ஒரு ரைஃபிளைக் கொடுத்துவிட்டார்.

சுட்டேன். கடுகு தாளிக்கும்போது மூடி போட மறந்தால் அடுப்பு மேடை எப்படி இருக்கும்? என் காகித டார்கெட் அப்படி இருந்தது. எங்கும் புள்ளி, நடுவில் மட்டும் சுத்தம். மாஸ்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீங்க கவிதை எழுதுற மாதிரியே சுடுறீங்க தாரணிம்மா. எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியல" என்றார். (என் கவிதையை அவர் படித்ததில்லை. படித்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.)

அந்தச் சமயத்தில்தான் விதி மாறியது. தலைவிதி இல்லை, போட்டி விதி. இனி காகிதத்தில் ஓட்டையை எண்ணிப் போடும் மதிப்பெண் தேர்வுக்குச் செல்லாது, மின்னணு டார்கெட்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதிலும் வெறும் பத்து போதாது. பத்துக்குள்ளேயே பத்துப் புள்ளி ஒன்று, இரண்டு என்று ஜாதி பிரித்து, உச்சியில் 10.9 உட்கார்ந்திருந்தது. நட்டநடு மையம்.

மின்னணு டார்கெட் ஓர் அதிசயம். அதற்குக் கண் கிடையாது, காதுதான். சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் மைக்குகள் குண்டு துளைத்துப் போகும் சத்தத்தை ஒட்டுக்கேட்டு, எங்கே பட்டது என்று கணக்குப் போட்டுத் திரையில் காட்டிவிடும். ஆனால் அது காட்டுவது உண்மைதான் என்று ஒருவர் வந்து சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். சான்றிதழ் கிடைத்தால் மாவட்டப் போட்டி எங்கள் குடோனிலேயே நடக்கும். கிடைக்காவிட்டால் அந்த வருஷம் போட்டியே இல்லை, தாரணிக்கு மாநிலத் தேர்வும் இல்லை.

சோதனை நாளன்று மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பசங்க கைய நடுவுல சுட்டுச் சுட்டுப் பழக்கி வச்சிகினு கீறேன். இப்பப் போய் ஓரமா சுடச் சொன்னா பேஜாராயிடும். சோதிக்க வரவருக்கு நாலு ஓரத்துலயும் ஓட்டை வேணுமாம். நீங்க எப்பவும் போல சுடுங்க தாரணிம்மா, அது போதும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் திறமைக்கு ஒரு வேலை வந்தது.

சோதிக்க வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். சட்டைப் பையில் பூதக்கண்ணாடி, குரலில் வெண்ணெய். "திரையில காட்டற இடமும் பின்னாடி காகிதத்துல விழற ஓட்டையும் ஒண்ணா இருக்கோணுங்க, அவ்வளவுதான்" என்றார். டார்கெட்டுக்கு ஒன்றாகச் சுடும் தடங்கள்; நான் இரண்டாவது தடத்தில் நின்றேன். இடது பக்கம் முதல் தடம் காலி. பெஞ்சில் தாரணியும் மற்ற பிள்ளைகளும்.

சுட்டேன். என் திரையில் 10.4.

மறுபடி சுட்டேன். 10.6. அடுத்தது 10.5.

"அம்மா, இன்னா பண்ணிக்கினு இருக்கே?" என்று பின்னாலிருந்து தாரணி, நான் கடையில் எதையோ திருடுவதைப் பார்த்தவள் மாதிரிக் கிசுகிசுத்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணலடி, அதுவா போவுது!"

சரியாகச் சுட வேண்டும் என்ற ஆசை இல்லாததால் என் கை குளம் மாதிரி அமைதியாகிவிட்டது. மாஸ்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"ரொம்ப அருமைங்கம்மா. கொஞ்சம் மோசமா சுட முடியுங்களா?" என்றார் வந்தவர், மரியாதையாக.

இடது ஓரத்தைக் குறிவைத்தேன். குறி என்று ஒன்று வந்ததும் என் பழைய வியாதியும் வந்துவிட்டது: விசையை இழுக்கும் நொடியில் மணிக்கட்டு வலது பக்கம் வெட்டும். இடது ஓரத்திலிருந்து வலது பக்கம் வெட்டினால் எங்கே போகும்? நடுவில்தான். 10.2.

"இன்னும் இடது பக்கமாங்க."

நகர்ந்தேன். இன்னும் நகர்ந்தேன். குறிபார்க்கும் துளைக்குள் டார்கெட்டின் கறுப்பு வட்டம் மறைந்து, வெறும் வெள்ளை, பிறகு மறுபடி ஒரு கறுப்பு வட்டம். அப்பாடா, திரும்பி வந்துவிட்டது என்று அதன் இடது ஓரத்தைக் குறிவைத்து விசையை இழுத்தேன். மணிக்கட்டு வெட்டியது.

என் திரையில் ஒன்றும் வரவில்லை. ஆளே இல்லாத முதல் தடத்தின் திரை பளிச்சென்று விழித்தது. 10.9.

வந்தவர் போய் முதல் டார்கெட்டின் காகிதத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். காலையில் மாஸ்டர் சரிபார்க்கச் சுட்டதில் அதன் நடு ஏற்கெனவே கிழிந்து தொங்கியது. புதுக் குண்டு போனதா இல்லையா, கடவுளுக்கே தெரியாது.

"இங்க சுட்டா அங்க காட்டுதுங்க. ஒயர் எங்கியோ கோளாறு. இதுக்குச் சான்றிதழ் தர முடியாதுங்க."

தாரணி பெஞ்சிலிருந்து எகிறினாள். "சார், மெஷின் நல்லாதான் கீது! எங்கம்மாதான் பக்கத்து டார்கெட்ல சுட்டுட்டாங்க."

"இவ்வளவு நல்லா சுடறவங்க எப்படி பாப்பா பக்கத்துல சுடுவாங்க?"

"நல்லா சுடறவங்களா? எங்கம்மாவா?"

பிறகு நடந்தது ஒரு வழக்கு விசாரணை. என் பழைய டார்கெட்டுகளின் படங்களைத் தாரணி போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். (எதற்கு எடுத்து வைத்திருந்தாள்? கேட்டேன். "மூடு அவுட்டானா பாத்து சிரிக்க" என்றாள்.) பிள்ளைகள் வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். மாஸ்டர் நெஞ்சில் கைவைத்து, "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கைய நான் பார்த்ததில்ல சார்" என்றார்.

"ஒரு நிமிஷம்! அந்த 10.6 நான் சுட்டதுதானே?" என்றேன். எனக்கும் ரோஷம் உண்டு.

மாஸ்டர் கும்பிட்டார். "தாரணிம்மா, உங்க கால்ல உழறேன். சுடத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மகளைப் பார்த்தேன். அவள் கண்ணில் அந்த வருஷம் முழுவதும் தளும்பி நின்றது.

"எனக்குச் சுடத் தெரியாது சார்" என்றேன். (பெண் பார்க்க வந்தவர்களிடம் சமைக்கத் தெரியும் என்று சொன்னதைவிட இது உண்மை.)

அவர் நியாயமான மனிதர். "வார்த்தை பத்தாதுங்கம்மா. காகிதத்தை மாத்திடறேன். இதே இடத்துல நின்னு, அந்த முதல் டார்கெட்டோட நடுவுல மறுபடி சுடுங்க. எந்தத் திரை பேசுதுன்னு பார்த்துடலாம்."

தாரணி என் காதருகே குனிந்தாள். "அம்மா, நல்லா சுடணும்னு நெனச்சிக்கோ. மத்ததெல்லாம் தானா வந்துடும்."

நினைத்தேன். உயிரைக் கொடுத்து நினைத்தேன். இன்னொரு 10.9, ஒன்றே ஒன்று! குண்டுகள் கூண்டு திறந்த சிட்டுக்குருவிகளாகப் பறந்தன. ஒன்று மேல் ஓரம், ஒன்று கீழே, ஒன்று விளிம்பின் விளிம்பில். ஒவ்வொன்றுக்கும் முதல் திரை மட்டும் பேசியது, இரண்டாவது வாயே திறக்கவில்லை. காகிதத்தை எடுத்துத் திரையோடு ஒப்பிட்டவர் முகம் மலர்ந்தது.

"அட, இதுதானுங்க வேணும்! அப்படியே ரெண்டாவதுலயும் நடுவுல சுடுங்கம்மா." சூத்திரத்தைப் பிடித்துவிட்டார்.

சான்றிதழ் வந்தது, போட்டி நடந்தது, தாரணி தேர்வானாள். எங்கள் வீட்டில் இன்றும் குழம்பில் உப்பு குறைந்தால் என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாடி, உப்பு பக்கத்து ஊட்டு சட்டியில உழுந்துடுச்சா?" என்பார். தாரணிக்குப் புரையேறும். விருந்தாளிகளுக்கு முழுக் கதையும் சொல்லப்படும், ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் கொஞ்சம் மோசமாகச் சுடுவேன்.

சோதனை நாளன்று சாயங்காலம் மின்சார ரயிலில் அந்தக் கோயம்புத்தூர்க்காரரும் எங்களோடுதான் வந்தார். சென்னை வரை போகிறவர். பொன்னேரியில் நாங்கள் இறங்கினோம். தாரணி படியேறப் போய்விட்டாள். எனக்குக் கால் நகரவில்லை. ஜன்னல் கம்பியருகே போய், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, "சார், அந்தப் பத்துப் புள்ளி ஒன்பதை எப்படி எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்து டார்கெட்ல சுட்டா பூஜ்யம்ங்கம்மா. விதி அப்படி."

வண்டி நகர்ந்தது. அவர் கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு சத்தமாகச் சொன்னார்:

"ஆனா நான் பார்த்ததிலேயே நல்ல பூஜ்யம் அதுதானுங்க!"