பெல்பாட்டம் மீட்புத் தீர்மானம்

உலக நாகரிகத்தின் போக்கைத் தீர்மானித்த ஊர்கள் இரண்டு. ஒன்று பாரிஸ். மற்றது உத்திரமேரூரிலிருந்து ஐந்தாவது கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் ஊர். பாரிசில் என்ன நடைமுறையோ, நான் அறியேன். எங்கள் சட்டம் தெளிவானது: எந்த பேஷனும் முதலில் எங்கள் தெருவுக்கு வரும். குறைந்தது பத்தாண்டு கழித்து, மவுசு போனபின், ஒரு பொங்கலன்று காலனிக்குப் போகும்.

அச்சட்டப்படியே, 1978இல் நான் தைத்துக்கொண்ட பெல்பாட்டத்தை, பேகி பேன்ட் வந்த 1993இல், என் வயலில் வேலை செய்யும் பெரியசாமிக்கு 'அன்பளிப்பாக' வழங்கினேன். இடுப்பில் ஒரு கிழிசல் இருந்தது. அதையும் இலவசமாகவே கொடுத்தேன்.

2002இல் பேஷன் துரோகம் செய்தது. பெல்பாட்டம் திரும்பி வந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் காலேஜ் படிக்கும் என் மகன் சூர்யா அழாத குறையாக வீட்டுக்குள் நுழைந்தான்.

"நைனா, பஸ் ஸ்டாண்டுல பெரியசாமி பெல்பாட்டம் போட்டுக்கினு நிக்கிறான். பசங்கள்லாம் சுத்திக்கினு 'எந்தக் கடை'ன்னு கேக்குறானுங்க. என்ன ஒருத்தனும் திரும்பிப் பாக்கல!"

அன்று மாலையே அவசரக் கூட்டம். ஐந்து பேர் கொண்ட குழு. நான்கு பேர் என் சித்தப்பா பிள்ளைகள். ஐந்தாமவரும் தலைவரும் நான். தொழில்நுட்ப ஆலோசகராக டெய்லர் வேதகிரி வரவழைக்கப்பட்டார். அவர், பெல்பாட்டத்தோடு வரவழைத்து நிறுத்தியிருந்த பெரியசாமியின் காலடியில் குந்தி டேப் பிடித்தார்.

"இருபத்தாறு இஞ்சு! மெட்ராஸ்லயே இப்ப இவ்ளோ அகலம் கெடையாது. இதான் ஒரிஜினல்."

குழு கவலையில் ஆழ்ந்தது. பேன்ட்டை உடனே திருப்பித் தரும்படி கேட்டது. பெரியசாமி கைகட்டிக்கொண்டு சொன்னான்:

"ஐயா, திங்கக்கெழம ஒரகடத்தாண்ட ஒரு கம்பெனில வாட்ச்மேன் வேலைக்கு வரச் சொல்லிக்கீறாங்க. பேன்ட் போட்டாத்தான் உள்ள வுடுவாங்களாம். எனக்கு இது ஒண்ணுதான் கீது. அன்னிக்குப் பொழுதோட தொவச்சிக் குடுத்துடறேன்."

"அதுக்குள்ள பேஷன் போயிடுச்சின்னா இன்னாடா பண்றது?" என்றான் என் தம்பி கோபால். கேள்வியின் ஆழத்தை வியந்து கூட்டம் தலையாட்டியது.

"அப்ப அந்தத் தொளதொளா பேன்ட்டயாவது குடுங்க ஐயா."

"பேகியா? அதுக்குப் பத்து வருசம் முடிய இன்னும் ஒரு வருசம் கீது. சட்டம்னு ஒண்ணு வேணாமா?" என்றேன்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எல்லார் முன்னாலும் கழற்றச் சொல்ல நாங்கள் காட்டுமிராண்டிகள் அல்ல. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கழற்ற அனுமதித்தோம். பெரியசாமிக்குத் தூக்கி ஊற்றித்தான் தண்ணீர் கொடுப்பது என் வீட்டு வழக்கம். எனவே பேன்ட் மூன்று முறை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுக்கப்பட்டது. ஓரமெல்லாம் மஞ்சள் ஏறிவிட்டது. அதையும் புது பேஷன் என்று காலேஜ் ஏற்றுக்கொண்டது.

திங்கட்கிழமை சூர்யா பெல்பாட்டத்தில் பஸ் ஏறினான். கம்பெனி வாசலில் வேறு யாரோ வாட்ச்மேன் ஆனார்கள். பெரியசாமி வழக்கம்போல் என் வயலில் குனிந்து நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவன் போயிருந்தால் நடவு நேரத்தில் ஆளில்லாமல் நானல்லவா பேஜாராகியிருப்பேன்?

பெல்பாட்டம் வரும், போகும், மறுபடி வரும். பெரியசாமி இடுப்பில் இருக்கும் கோவணத்துக்கு மட்டும் எங்கள் ஊரில் எந்தப் பத்தாண்டிலும் மவுசு குறைந்ததில்லை. குறைய நாங்கள் விட்டதில்லை.