கையில் பூட்டிய கம்பு

இனி இந்த ஜென்மத்தில் கோல்ஃப் மட்டையைத் தொடுவதில்லை என்று இளஞ்செழியன் சபதம் செய்தபோது, வீட்டில் அதைக் கேட்க இருந்தவை இரண்டே ஜீவன்கள். ஒன்று மனைவி காந்திமதி. இன்னொன்று குக்கர். குக்கர்தான் முதலில் வாயைத் திறந்தது.

“ரெண்டடி! ஏட்டி, ரெண்டே அடி தூரம்! குழி வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கு. சின்னப்பிள்ளை தட்டினா விழும். நான் தட்டினா விழல!”

“ஏன் விழல?”

“கை ஆடுது.”

“யாரு கை?”

“ம்… எதுத்த வீட்டுக்காரன் கை! எவ இவ, என் கைதாண்டி ஆடுது!”

அவமானம்தான். பத்தொன்பது வயதில் தென்காசியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு டெல்லியில் வந்து இறங்கியவர். மூட்டை தூக்கி, அடி வாங்கி, அடி கொடுத்து, கடைசியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சொந்தமாக மளிகைக் கடை போட்டவர். அவர் பேரம் பேச உட்கார்ந்தால் மொத்த வியாபாரிக்கு டிசம்பரிலும் வியர்க்கும். அவருடைய தொழில் வேதம் இரண்டே வரி. எதிராளி எதைத் தரமாட்டேன் என்று முறுக்குகிறானோ அதுதான் நல்ல சரக்கு, விடாதே. தானாக நீட்டுகிறானா, உள்ளே புழு இருக்கிறது, தொடாதே.

சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகைக்கு அரிசி பருப்பு சப்ளை செய்த பழக்கத்தில் ஒரு அதிகாரி அவரை ஆறு வருஷத்துக்கு முன்னால் கோல்ஃப் மைதானத்துக்கு இழுத்துப் போனார். அன்று பிடித்த பைத்தியம். தூர அடியெல்லாம் பிரமாதமாக அடிப்பார். பந்து பறக்கும். குழிக்குப் பக்கத்தில் வந்து, பந்தை மெல்லத் தட்டி உள்ளே தள்ள வேண்டிய கடைசிக் கட்டத்தில்தான் விவகாரம். அந்தக் குட்டை மட்டையைப் பிடித்ததும் இடது மணிக்கட்டு தூண்டிலில் மாட்டிய கெண்டை மாதிரி ஒரு துள்ளு துள்ளும். மூன்று மாதமாக இதே கதை.

“விட்டுட்டீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு,” என்றாள் காந்திமதி.

இளஞ்செழியனுக்குத் திக்கென்றது. “நல்லதா?”

“பின்ன? ஞாயித்துக்கிழமை பூரா இனிமே வீட்லதான இருப்பீங்க. மொதல் ஞாயிறு ஃபரீதாபாத், எங்க அண்ணன் வீடு. ரெண்டாவது ஞாயிறு பரணை ஒழிக்கணும். மூணாவது சரோஜினி நகர்ல ஸ்வெட்டர் எடுக்கணும். நீங்க பையைப் பிடிச்சிக்கிட்டுப் பின்னால வாங்க, பேரம் நான் பேசிக்கிடுதேன்.”

“நீ பேசுவியா!”

“நாலாவது ஞாயிறு எங்கயும் போவாண்டாம். எதிரெதிர உக்காந்து மனசு விட்டுப் பேசிக்கிட்டிருப்போம்.”

கேட்டுக்கொண்டே வந்தவர் மச்சானைத் தாங்கினார். பரணைத் தாங்கினார். பையைக்கூடத் தாங்கிவிட்டார். நாலாவது ஞாயிற்றில் ஆள் சாய்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, முனிர்கா அடுக்குமாடியின் மூன்று மாடிப் படியையும் ஏறி வந்தார் கீழ்வீட்டு ராமசுப்ரமணியன். மத்திய அரசில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவர். இளஞ்செழியனின் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் கூட்டாளி. கையில் ஒரு நீளக் கம்பு.

“ஓய் செழியன், என் பையன் அமெரிக்காலேர்ந்து கொண்டுவந்தான். ஆர்ம்லாக்னு பேரு. சாதா மட்டையைவிட ஆறு அங்குலம் கூட. பிடியை இடது முன்கையோட ஒட்டி வெச்சுண்டுடணும். கையும் கம்பும் ஒரே கட்டையாயிடும். அப்புறம் மணிக்கட்டு நெனச்சாலும் ஆட முடியாது. எனக்கு ஒத்து வரலை. நீர் வேணா வெச்சுக்கும்.”

தானாக நீட்டுகிறார். புழு! இளஞ்செழியன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேண்டாம் சார். நான் ஆட்டத்தை விட்டாச்சு.”

அந்த நேரம் அடுக்களையிலிருந்து கரண்டியோடு பாய்ந்து வந்தாள் காந்திமதி. “அண்ணே, அந்தக் கம்பு இந்த வாசப்படி தாண்டப்படாது! சொல்லிட்டேன்!”

அவள் வாயை மூடுவதற்குள் கம்பு இளஞ்செழியன் கைக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

“யாரைக் கேட்டுட்டி தாண்டப்படாது? என் வீடு! என் கை! என் கம்பு!”

“அப்ப என் ஞாயிறு?”

“என்னட்டி ஒன் ஞாயிறு?”

பேரம் ஆரம்பமாகிவிட்டது. ராமசுப்ரமணியன் மெதுவாகப் படி இறங்கிப் போய்விட்டார்.

“மாசத்துல ஒரு ஞாயிறு வேணா போய்க்கிடுங்க.”

“நாலும் போவேன்.”

“ரெண்டு.”

“மாசத்துல அஞ்சு ஞாயிறு வந்தா அஞ்சும் போவேன்!”

காந்திமதி மூக்கை உறிஞ்சினாள். “சரி, ஒம்போது மணிக்காவது வீட்டுக்கு வந்திருங்க.”

“பன்னண்டு.”

“அய்யோ, பத்து.”

“பன்னண்டு!”

“பதினொண்ணு. என் கண்ணுல்ல.”

“பன்னண்டரை!” என்று முழங்கினார் இளஞ்செழியன். தான் கேட்டதற்கு மேலேயே விலையை ஏற்றிவிட்டோம் என்பது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்படி ஒரு பேரத்தை அவர் மார்க்கெட்டில்கூட முடித்ததில்லை. காந்திமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். பாவம், தோள் ரெண்டும் குலுங்கியது.

அப்புறம் பயிற்சி. கூடத்துக் கம்பளத்தின் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் படுக்கப் போடப்பட்டது. அதுதான் குழி. கம்பின் பிடி இடது முன்கையின் உட்புறம் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை ஏறி நின்றது. மாவுக்கட்டு போட்ட மாதிரி இருந்தது. முதல் நாள், அந்தக் கை இன்னொருத்தன் கையாகவே தோன்றியது. பந்தைப் பழையபடி காலுக்கு நடுவில் வைத்தார், தரையில் இடித்துத் தவளையாகத் தாவியது. ஃபோன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன், கம்பு முன்னால் சாய்ந்து நிற்கும், ஆகவே பந்தை இடது காலுக்கு நேரே தள்ளி வை என்றான். வைத்தார். தோளை மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆட்டினார்.

டங்.

டம்ளருக்குள் பந்து. மறுபடி. டங். பன்னிரண்டு தடவை. பன்னிரண்டு டங்.

இளஞ்செழியனுக்குச் சந்தோஷத்தைவிட ஆச்சரியம் பெரிதாக இருந்தது. இது என்ன கூத்து? காப்பி ஆற்றும்போது இந்தக் கை ஆடியதில்லை. தராசு பிடித்தபோது ஆடியதில்லை. முரட்டு லாரிக்காரன் சட்டையைப் பிடித்தபோது ஆடியதில்லை. ரெண்டடிப் பந்துக்கு மட்டும் ஏன் ஆடிற்று? ஆடியது கையா, தானா? கையைப் பூட்டினால் மனசு எப்படி அடங்குகிறது? கடையில் மிளகாய் வற்றலை எடைபோடும்போதும் ரூல் தடியை முன்கையில் ஒட்டவைத்துப் பார்த்தார். வாடிக்கையாளர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

“எங்க, ஒரு தடவை ஆட்டிக் காட்டுங்க,” என்பாள் காந்திமதி, டம்ளர் பக்கத்தில் குத்தவைத்து.

“ஆடாதுட்டி.”

“கொஞ்சங்கூட ஆடலியா? நெசமாவா?” என்று குனிந்து மணிக்கட்டையே பார்ப்பாள். பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சைக் கேட்பதற்காகவே அவர் இன்னும் பத்துப் பந்து தட்டுவார்.

மைதானத்தில் முதல் ஞாயிறு. நீளக் கம்பைக் கையோடு ஒட்டி நின்றவரைப் பார்த்து ஒரு பஞ்சாபிக்காரர், “செழியன்ஜி, ஃப்ராக்சர் ஹோ கயா க்யா?” என்று, கை முறிந்துவிட்டதாக நினைத்து உருகினார். இன்னொருத்தர், இது கள்ளாட்டம் என்றார். இளஞ்செழியன் கம்பை ஓங்கிவிட்டார். நல்லவேளை, ராமசுப்ரமணியன் குறுக்கே வந்து கோப்பு படிக்கிற குரலில் தீர்ப்பு சொன்னார்: “முன்கையில ஒட்டலாம். முழங்கைக்கு மேல போகப்படாது. நெஞ்சுலயோ வயித்துலயோ முட்டுக் கொடுக்கப்படாது. விதி தெளிவா இருக்கு.”

எல்லாமே தேன் என்று சொல்ல முடியாது. இருபதடித் தட்டில் கைக்கு அளவே பிடிபடவில்லை. ஒரு பந்து பாதி வழியில் படுத்துத் தூங்கியது. அடுத்தது குழியைத் தாண்டி மணல் பள்ளத்தில் போய் விழுந்தது. ஆனால் ரெண்டடி, மூணடி? ஒன்று தவறவில்லை. மனுஷன் சரியாகப் பன்னிரண்டரைக்கு விசிலடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அடுத்த ஞாயிறும். அதற்கடுத்த ஞாயிறும். ஜெயித்த ஞாயிறுகள். பேரம் பேசி, சண்டை போட்டு, காந்திமதியிடமிருந்து பிடுங்கிய ஞாயிறுகள்.

ஜனவரியில் பனி இறங்கியது. அந்த ஞாயிறு எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை, குழி எங்கே தெரியும்? இன்றைக்கு ஆட்டமில்லை என்று மைதானத்தில் கையை விரித்துவிட்டார்கள். எட்டரைக்கே திரும்பியாயிற்று.

அடுக்குமாடி வாசலில், கூட வந்த ராமசுப்ரமணியன், “நான் பார்க்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்,” என்றார்.

“இந்தப் பனியிலயா சார்? வீட்டுக்குப் போங்க.”

“இல்லை ஓய். நீர் போம்,” என்றவர் ஒரு மாதிரிச் சிரித்தார்.

மூன்றாவது மாடியில், இளஞ்செழியன் வீட்டு வாசலில் ஆறு ஜோடி பெண்கள் செருப்பு கிடந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நெய்யில் வறுபடும் முந்திரி வாசனை. சீட்டுக் குலுக்கும் சத்தம். நின்றார்.

“ரம்மி! வையுங்கோ எல்லாரும் ஆளுக்கு அஞ்சு முந்திரி!” இது ராமசுப்ரமணியன் மனைவி வைதேஹி. சத்தம் வந்த திசை இளஞ்செழியனின் சாய்வு நாற்காலி. “காந்திமதி, உங்காத்துக்காரர் கோல்ஃபே வேண்டாம்னு சொன்னார்னதும் நேக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. ஆறு வருஷக் கச்சேரி போச்சுடான்னு நெனச்சேன்.”

“எனக்கு மட்டும் என்னவாம்? நாலாவது ஞாயிறு எதிரெதிர உக்காந்து பேசுவோம்னு சொல்லிட்டேனே தவிர, உள்ளுக்குள்ள பிள்ளையாருக்குத் தேங்கா நேந்துக்கிட்டேன் மாமி. சரின்னுட்டாங்கன்னா?”

ஆறு பேரும் சிரித்தார்கள்.

“கம்பை மட்டும் அப்பவே வரவழைச்சு வெச்சியே, அது சாமர்த்தியம்.”

“மூணு மாசமா கை ஆடுது, கை ஆடுதுன்னு பொலம்பும்போதே இது எங்க போய் முடியும்னு தெரியாதா? ஃபோன்ல தேடித் தேடிப் பாத்துத்தான் ஒங்க பையன்கிட்ட இந்தக் கம்பைச் சொன்னேன். ஒங்க வீட்டு அண்ணன் சும்மா குடுத்தா இவங்க வாங்க மாட்டாங்க. அதான் கரண்டியத் தூக்கிக்கிட்டு ஓடிவந்தேன்.”

“சரிடி, மாசம் பூரா பனியாம். இப்போ எங்கே அனுப்புவே?”

“அதுவா பெரிய காரியம்? கூடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

இளஞ்செழியனின் மீசை துடித்தது. கதவை உதைக்கக் காலைத் தூக்கினார். உதைத்தபின் என்ன சொல்வது? பன்னிரண்டரை என்று முழங்கியது யார்? தூக்கிய காலைச் சத்தமில்லாமல் கீழே வைத்து, வந்த வழியே இறங்கினார்.

பார்க் பெஞ்சில் ராமசுப்ரமணியன் ஃபிளாஸ்க்கைத் திறந்தார். “உக்காரும். உமக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்திருக்கேன்.”

“ஒமக்கு எல்லாம் தெரியுமா சார்?”

“ஆறு வருஷமா.”

பன்னிரண்டரை வரை இருவரும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. காந்திமதி சோற்றில் ரசத்தை ஊற்றியபடியே, “இந்தப் பனியில இனிமே எங்கயும் கெளம்பிராதீங்க,” என்றாள். “பின்னாடி சமூகக் கூடத்துல ஞாயிறு தோறும் யோகா நடக்காம். அந்தக் கூத்துக்கெல்லாம் நான் விடவே மாட்டேன்.”

தெரியும். இரண்டு காதாலும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். இது தூண்டில், இது புழு, இதோ இழுக்கிற கை. இளஞ்செழியன் பல்லைக் கடித்தார். ஒரு வாய் சோற்றை அள்ளிப் போட்டு வாயை அடைத்தார். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பத்து வரை எண்ணிவிட்டால் தப்பித்தார். ஆறில் சோறு உள்ளே போய்விட்டது.

“நீ யாருட்டி என்னை விடாம இருக்கதுக்கு? போவேன்! கண்டிப்பாப் போவேன்!”

மறுநாள் காலையில் யோகாவுக்குப் பெயர் கொடுக்கப் போனார். பட்டியலில் மூன்றாவதாக அவர் பெயர் ஏற்கெனவே இருந்தது, காந்திமதியின் கையெழுத்தில்.